தலைகீழாக மாட்டினால் யாருக்குத் தெரியும்?

கேள்வி: 6 ஜனவரி 2024

நண்பருக்காகக் காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தேன். எல்லாம் மாடர்ன் ஆர்ட். சிவப்பு, அதன் மேல் கொஞ்சம் கறுப்பு, ஓரத்தில் ஒரு கீற்று மஞ்சள். முப்பது படத்திலும் இதுதான். யூகேஜி படிக்கும் என் மகள் இதைவிட நன்றாகக் கிறுக்குவாள். பாதிப் படத்தைத் தலைகீழாக மாட்டினால் வரைந்தவருக்கே தெரியாது என்று பந்தயம் கட்டத் தயார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை நம்மை வைத்துக் காமெடி பண்ணுகிறார்களா?

6 ஜனவரி, இரவு 9.50

பந்தயம் வேண்டாம். அறியாமல் கட்டித் தோற்றவன் சொல்கிறேன்.

1991. எனக்குப் பத்தொன்பது வயது, மாமாவின் பிரேம் கடையில் வேலை. சாமி படம், கல்யாண போட்டோ, இறந்தவர் படம் என்று ஓடிக்கொண்டிருந்த கடை. ஓவியர்கள் சிலரும் வருவார்கள் என்பதால், கண்காட்சியில் படம் மாட்டிக் கொடுக்கிற வேலையும் எப்போதாவது கிடைக்கும். அப்படி ஒரு கேலரி, பெயர் வேண்டாம். இருபத்திரண்டு படம், சாயங்காலம் திறப்பு. நானும் இன்னொரு பையனும் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, மூன்று மணிக்கெல்லாம் மாட்டி முடித்துவிட்டோம். ஓவியர் வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். நாலடிச் சதுரம், பச்சையும் மண் நிறமும். ஒன்றும் பேசவில்லை. டீ வந்தது, குடித்தார். கிளாசை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கேட்டார், "தம்பி, பெயின்ட் மேல்நோக்கி ஒழுகுமா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். பச்சை முடிகிற இடத்தில் தலைமுடி அகலத்தில் நாலைந்து சொட்டுக் கோடுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பெயின்ட் குண்டூசித் தலை அளவுக்கு முத்துக் கட்டிக் காய்ந்திருக்கிறது. முத்தெல்லாம் மேல் பக்கம். கழற்றித் திருப்பினோம். பின்னால் கரியில் அம்புக்குறியே போட்டிருந்தார். நாங்கள்தான் பார்க்கவில்லை.

7 ஜனவரி, காலை 7.15

தூங்கி எழுந்தபோது, ராத்திரி சொன்னது அரைப் பதில் என்று பட்டது. சொட்டை வைத்து மேல் கீழ் கண்டுபிடிப்பது துப்பறிகிற வேலை. படம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அது காரணம் ஆகாது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் கேன்வாஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி வந்து பெயின்டைத் தெளித்தார். அங்கே எந்தச் சொட்டைப் பார்ப்பது? இன்னும் சிலர் வரைகிறபோதே படத்தைத் திருப்பித் திருப்பி வைப்பார்கள், சொட்டு நாலு திசையிலும் ஓடும். ஆக, உங்கள் பந்தயத்தில் நீங்கள் ஜெயிக்கவும் இடமிருக்கிறது.

பெரிய மியூசியங்களே தோற்றிருக்கின்றன. 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ஓர் அரூப ஓவியம், அதாவது உருவம் எதுவும் இல்லாத படம், 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் கவனிக்கவில்லை.

7 ஜனவரி, மதியம் 1.30

திருத்தம். காலையில் எழுதியதில் இரண்டு தப்பு என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பிக் குட்டியிருக்கிறார். குட்டு சரிதான்.

முதல் தப்பு, அது அரூப ஓவியம் இல்லை. காகிதத்தை வெட்டி ஒட்டிய படகு. மேலே பாய், கீழே தண்ணீரில் அதன் நிழல். இரண்டாவது, ஒருத்தரும் கவனிக்கவில்லை என்றேனே, அதுவும் தப்பு. பங்குத் தரகராக இருந்த ஒரு பெண்மணி கவனித்திருக்கிறார். காவலரிடம் சொல்ல, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் திருப்பினார்கள். ஆக, படகு என்று பெயர் வைத்த படத்தையே தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். இதில் அரூப ஓவியத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் சொல்லியிருக்க வேண்டிய உதாரணம் டச்சு அரூப ஓவியர் மோந்திரியான். 1941இல் வண்ண டேப்பை ஒட்டிச் செய்த ஒரு படம், நியூயார்க்கில் ஆரம்பித்து ஜெர்மனியின் டுசல்டார்ஃப் வரை, 75 ஆண்டுகளுக்கு மேல் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது என்று 2022இல் கண்டுபிடித்தார்கள். 1944இல் அவர் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அது ஈசலில் வேறு பக்கமாக நிற்கிறது. பட்டைகள் நெருக்கமாக இருக்கிற பக்கம் மேலே வர வேண்டும், கீழே மாட்டிவிட்டார்கள். தெரிந்த பிறகும் திருப்பவில்லை. அத்தனை வருடம் ஒரே பக்கமாகத் தொங்கிய டேப்புகள் பிடிப்பு விட்டுக் கிடக்கின்றன, இனித் திருப்பினால் உதிர்ந்துவிடும். எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. படத்தைக் கையால் தூக்கிப் பார்த்த ஒருவர்தான் அந்தக் கூட்டத்தில் கடைசி வார்த்தை சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

9 ஜனவரி, இரவு 11.05

யூகேஜி பாப்பா விஷயத்துக்கு வருகிறேன், விட்டுவிடவில்லை.

2011இல் அமெரிக்காவில், பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர்கள் இருவர் இதையே சோதித்தார்கள். ஒரு பக்கம் பெயர் பெற்ற அரூப ஓவியரின் படம். பக்கத்தில் அதே சாயலில் ஒரு குழந்தையோ, குரங்கோ, யானையோ தீட்டியது. எது மேல் என்று கேட்டார்கள். சில ஜோடிகளில் பெயர்ச் சீட்டை வேண்டுமென்றே மாற்றியும் வைத்தார்கள். அப்படியும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை ஆட்கள் ஓவியரின் படத்தையே எடுத்திருக்கிறார்கள். ஓவியம் படிக்காதவர்களும்தான்.

மூன்றில் ஒரு முறை தவறியிருக்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது.

என் அனுபவத்தில் குழந்தைக்கும் ஓவியருக்கும் வித்தியாசம் நிறுத்துகிற இடம். தங்கை மகன் நாலு வயதில் அற்புதமாக வரைவான். நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு வைப்பான், நமக்கு மூச்சு நின்றுவிடும். அடுத்த நிமிடம் அதன் மேலேயே பழுப்பை ஊற்றி, தாளைக் கிழிகிற வரை தேய்ப்பான். நடுவில் பிடுங்கி வைத்துக்கொண்டால் ஓவியம், விட்டுவிட்டால் சேறு. பிடுங்குவது நான், அவன் இல்லை.

10 ஜனவரி, காலை 6.40

நேற்று ஜம்பமாக எழுதிவிட்டுப் படுத்த பிறகு காங்கோ ஞாபகம் வந்தது. லண்டனில் விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸ் வரையப் பழக்கிய சிம்பன்ஸி. 1957இல் அதன் ஓவியங்களைக் கண்காட்சியாகவே வைத்தார்கள். 2005இல் மூன்று படம் ஏலத்தில் 14,000 பவுண்டுக்கு மேல் போயிற்று. விஷயம் அது இல்லை. காங்கோ வரைந்துகொண்டிருக்கும்போது தாளை எடுத்தால் ரகளை பண்ணுமாம். முடித்துவிட்டது என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் பிரஷைத் தொடாதாம்.

குரங்குக்கு நிறுத்தத் தெரிந்திருக்கிறது. நேற்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். எந்தப் பாதி என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

10 ஜனவரி, இரவு 10.20

"உருவம் வரையத் தெரியாதவன்தான் கலரை அப்புகிறான்" என்று மதுரையிலிருந்து ஒருவர். இதற்கு மட்டும் எனக்குச் சந்தேகமில்லாத பதில் உண்டு. ஆதிமூலம்.

திருச்சிப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டு வந்தபோது காந்தியை மட்டுமே கறுப்பு வெள்ளைக் கோட்டில் வரைந்து குவித்தார். சின்ன வயது காந்தி, உப்புக்குப் போகிற காந்தி, முதுகு மட்டும் தெரிகிற காந்தி. சிறுபத்திரிகை படித்தவர்களுக்கு அவர் கோடு வீட்டுக் கோடு மாதிரி பழக்கம். நாலு இழுப்பில் ஓர் ஆளை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவர் பிறகு கோட்டை எல்லாம் ஏறக்கட்டிவிட்டு, பெரிய பெரிய கேன்வாஸில் வெறும் வண்ணத்துக்குப் போனார். வரையத் தெரியாமலா?

அதில் ஒன்றை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பத்தடி தள்ளி நின்றால், மலைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் மாதிரி ஒரு சாம்பல் நீலம். ஓர் அடிக்கு வந்தால் மழையும் இல்லை, மலையும் இல்லை. கத்தியால் இழுத்த எண்ணெய் வண்ணம், உழுத வயல் மாதிரி வரப்பு வரப்பாக நிற்கிறது. சாம்பல் தேய்ந்த இடங்களில் அடியில் போட்ட மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. அந்த மஞ்சள்தான் பத்தடி தள்ளி வெயிலாகத் தெரிந்திருக்கிறது. இதைப் போனில் பார்த்தீர்களானால் சாம்பல் சதுரம் ஒன்று தெரியும், அவ்வளவுதான். 2008 ஜனவரியில் போய்விட்டார்.

இந்த இழையில் உங்களுக்கெல்லாம் நான் சொல்ல வந்ததே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அர்த்தம் என்ன என்று கேட்டுக்கொண்டு பத்தடி தள்ளியே நிற்காதீர்கள். கிட்டே போய் எப்படிச் செய்திருக்கிறான் என்று பாருங்கள். அப்புறம் மறுபடி தள்ளி வாருங்கள்.

12 ஜனவரி, மாலை 4.00

சிவப்புக் கண்காட்சி பார்த்தவருக்காக. சிவப்பு என்றால் எனக்கு அச்சுதன் கூடல்லூர் நினைவுதான். சென்னையிலேயே வாழ்ந்தவர், பொதுப்பணித் துறையில் பொறியாளர். ஓவியக் கல்லூரிக்கு மாணவனாகப் போனதில்லை. அந்த வளாகத்தில் சாயங்காலம் கூடிய ஓவியர் சங்கத்தில் பழகி வரையக் கற்றவர். பகலில் ஆபீஸ், ராத்திரி கேன்வாஸ். உருவங்களில் ஆரம்பித்து, கடைசியில் உருவமே இல்லாமல் வண்ணத்தில் வந்து நின்றார். 2022 ஜூலையில் மறைந்தார். ஊட்டிக் குளிரில் பிறந்த ஆளுக்கு அப்படி ஒரு சூடான சிவப்பு எங்கிருந்து வந்ததோ.

12 ஜனவரி, மாலை 6.10

சரி சரி, அடிக்காதீர்கள். நீலகிரிக் கூடலூர் இல்லை. பாலக்காடு மாவட்டத்துக் கூடல்லூர், பாரதப்புழைக் கரை. மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் ஊரும் அதுதான். அச்சுதனும் இளமையில் மலையாளத்தில் கதை எழுதியவர். இருபது வருடமாக நான் மனசுக்குள் அவரை ஊட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். குளிர் பற்றிய கவித்துவம் ரத்து.

14 ஜனவரி, மதியம் 12.15

போகி. வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லி உத்தரவு. இந்த வருடமும் வெள்ளையடிக்கவில்லை என்று எனக்குப் பாட்டு விழுந்துகொண்டிருக்கிறது. ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

ஹாலில் ஒரு சின்னப் படம் மாட்டியிருக்கிறேன். அந்த "பெயின்ட் மேல்நோக்கி ஒழுகுமா" ஓவியர், 1993இல் பிரேம் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தது. காகிதத்தில் மைக்கறுப்பு, நடுவில் ஒரு செங்கல் நிறத் துண்டு. ஒன்றரை அடிக்கு ஓர் அடி. அவர் இப்போது இல்லை. அந்தப் பக்கம் தூசி தட்டும்போது இந்த இழை ஞாபகம் வந்தது. பிறகு சொல்கிறேன்.

17 ஜனவரி, இரவு 8.30

"கோலமும் அப்ஸ்ட்ராக்ட்தானே, நம் பாட்டிகள் எல்லாரும் அரூப ஓவியர்கள்தானே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் பாதிப்பு. எனக்கு முழுச் சம்மதமில்லை. சிக்குக் கோலத்துக்குப் புள்ளிக் கணக்கு இருக்கிறது. கோடு எங்கேயாவது கூடாமல் போனால் எதிர்வீட்டு அக்கா சொல்லிவிடுவாள். கேன்வாஸில் அப்படிச் சொல்ல எதிர்வீடு இல்லை, அவனே கணக்கையும் போட வேண்டும். ஆனாலும் ஒன்று. வாசலில் போட்ட சிக்குக் கோலத்தைப் பார்த்து இதுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

20 ஜனவரி, இரவு 10.45

அம்மாவும் பணிக்கரும்.

அம்மா நாகர்கோவில் பக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல். அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனதால் அம்மாவுக்கு மலையாளமும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். 2011இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறதே, அதுதான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966இல் ஆரம்பித்தது. அங்கே மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கு என்று ஒரு மியூசியமும் இருக்கிறது.

பணிக்கர் அறுபதுகளில் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை வரைந்தார். கேன்வாஸ் முழுக்கப் பொடி எழுத்து, கட்டம், வட்டம், பாம்பு மாதிரி ஏதோ, மீன் மாதிரி ஏதோ. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் பெரிதாக்கினது போல இருக்கும். எழுத்து மலையாளம் மாதிரி இருக்கும், வாசித்தால் சொல்லாக வராது.

எனக்கு இது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். உதடு அசைகிறது. இரண்டாவது வரி. மூன்றாவது வரி. ஐந்து நிமிடம் இருக்கும். மற்ற யாரும் எந்தப் படத்தின் முன்னாலும் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. கடைசியில் திரும்பி, "மக்களே, மலையாளம் மாரிதான் இருக்கு, ஆனா ஒண்ணும் கூடி வரமாட்டேங்கு" என்றாள். சொல்லாக வராதபடிதான் எழுதியிருக்கிறார் என்று விளக்கினேன். மறுபடி ஒரு முறை பார்த்தாள். "கட்டம் எல்லாம் போட்டிருக்காரு. ஜாதகமாக்கும். யாருக்கோ நேரம் சரியில்ல."

அன்றைக்குச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், வாசிக்க முடியாத ஜாதகம் என்பதைவிடச் சரியாக அந்தப் படத்தைப் பற்றி நான் எதுவும் கேட்டதில்லை.

21 ஜனவரி, காலை 9.00

விலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஆம், கோடிகள். அரூப ஓவியர் வி.எஸ். கைத்தொண்டேயின் ஒரு படம் 2013 டிசம்பரில் மும்பை ஏலத்தில் 23.7 கோடி. அதற்குப் பிறகு இன்னும் ஏறியிருக்கிறது. அவர் 2001இலேயே போய்விட்டார். இருந்த காலத்தில் டெல்லியில் ஒரு சின்ன மாடி அறையில் இருந்துகொண்டு, வருடத்துக்கு ஐந்தாறு படம்தான் வரைந்தார். ரோலர் வைத்து உருட்டி, கத்தியால் சுரண்டி, காகிதத்தை ஒட்டி உரித்து. 2014இல் நியூயார்க் கக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருக்கென்று தனிக் கண்காட்சியே நடந்தது. 23 கோடியில் அவருக்கு ஒரு டீ கூட வந்திருக்காது.

நம் பக்கம் இன்னும் கஷ்டம். சோழமண்டலத்துக்காரர்கள் நிலம் வாங்கியது ஓவியம் விற்ற காசில் இல்லை. பாத்திக் துணி சாயம் போட்டு விற்ற காசில். அப்போது அங்கே மணலும் சவுக்கும்தான்.

விலை அதிகம் என்று கோபப்படுங்கள், நியாயம். ஆனால் அந்தக் கோபத்தைப் படத்தின் மேல் காட்டாதீர்கள், வாங்கி விற்றவர் மேல் காட்டுங்கள்.

24 ஜனவரி, இரவு 11.30

கோபம் என்றதும் ஞாபகம் வந்தது. 2021 டிசம்பரில் ரஷ்யாவில், யெகாதெரின்பர்க் நகரத்தில், ஒரு கண்காட்சியின் காவலர் முகமில்லாத மூன்று உருவங்கள் இருந்த ஓவியத்தில் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு முகத்துக்குக் கண் வரைந்துவிட்டார். ரஷ்ய அரூப ஓவியர் மாலேவிச்சின் மாணவி அன்னா லெப்போர்ஸ்கயாவின் படம். காவலருக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள்.

செய்தது தப்பு. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூன்று முகமில்லாத ஆட்கள் எதிரில் இருக்கிற வேலை அவருடையது என்பதால், எனக்கு அந்த ஆள் மேல் முழுக் கோபம் வரவில்லை. ஓவியம் அவரை ஏதோ செய்திருக்கிறது.

27 ஜனவரி, மாலை 5.20

தொழில் புலம்பல். இந்த ஓவியர்களால் பிரேம்காரர்கள் பிழைப்பில் மண். பழைய ஆட்கள் தங்க பீடிங், மவுன்ட், கண்ணாடி எல்லாம் கேட்பார்கள். அரூபம் வரைகிறவர்கள் பிரேமே வேண்டாம் என்பார்கள், ரொம்பக் கெஞ்சினால் ஓரத்தில் ஒரு மரப்பட்டை. படம் பிரேமோடு முடியக் கூடாதாம். மாட்டுவதிலும் தகராறு. படத்தின் நடு மையம் பார்க்கிறவர் கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு, தரையிலிருந்து ஐந்தடி சுமார். அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ இதை ஏற்கவில்லை. பெரிய பெரிய படத்தைத் தாழ்வாக மாட்டச் சொன்னார், வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார், ஒன்றரை அடியில் நின்று பார்க்கச் சொன்னார். எட்டடிப் படத்தை ஒன்றரை அடியில் நின்று பார்த்தால் ஓரம் தெரியாது. உள்ளே நிற்கிற மாதிரிதான் இருக்கும். பிரேம் அடித்தால் இது கெட்டுப்போகும் என்பது எனக்கும் புரிகிறது. புரிந்து என்ன, கூலி போயிற்று.

4 பிப்ரவரி, இரவு 9.15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கண்காட்சி முடிவதற்குள் மகளையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போனாராம். ஒரே படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றாராம். கால் வலித்ததாம், ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் கண்ணை மூடினால் பச்சையாக ஒரு சதுரம் தெரிந்ததாம், "இதுதான் நீங்கள் சொன்ன அனுபவமா?" என்று கேட்கிறார்.

இல்லை சார். சிவப்பைப் பத்து நிமிடம் பார்த்தால் யாருக்கும் பச்சை தெரியும், அது கண்ணின் வேலை. சிவப்பு லுங்கியைப் பார்த்தாலும் தெரியும். ஆனால் பத்து நிமிடம் நின்றீர்களே, அதற்கு ஒரு சலாம். மகள் என்ன சொன்னாள் என்று எழுதவே இல்லையே?

5 பிப்ரவரி, காலை 7.50

"வாட்ச்மேன் தாத்தாவோடு ஒளிந்து பிடித்து விளையாடினாள்" என்று பதில் வந்திருக்கிறது. சரி.

11 பிப்ரவரி, மதியம் 3.40

அந்தச் சின்னப் படத்தை இன்றைக்குக் கழற்றினேன்.

பிரேம் அடித்தது நான், கொக்கி போட்டது நான். முப்பது வருடமாக நெட்டாக நிற்கிறது. இது நெட்டாக வரைந்ததுதான் என்று எனக்கு யார் சொன்னது என்று யோசித்தால், யாரும் சொல்லவில்லை. 1993இல் பின்பக்கத்தில் பழுப்புத் தாள் ஒட்டும்போது, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்தேனா இல்லையா என்பதும் ஞாபகமில்லை. அம்புக்குறி விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை அவமானப்பட்டவன் பார்த்திருக்க வேண்டும். இருபத்தொரு வயது, அவசரம், ஒட்டித் தள்ளியிருப்பேன்.

தண்ணீர் தொட்டுத் தாளை உரித்தேன். பென்சிலில் கையெழுத்து, தமிழில். அம்பு இல்லை. கையெழுத்து நான் மாட்டியிருக்கிற பக்கத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. அதன்படி பார்த்தால் படம் கிடையாக இருக்க வேண்டும். செங்கல் துண்டு நிமிர்ந்து மிதக்காமல் பக்கவாட்டில் படுத்திருக்கும். ஆனால் காகிதத்தை மேஜையில் கவிழ்த்துப் போட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் போடுவார், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெயின்ட் ஒழுகியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்தும் தேடினேன். மை, காகிதம் குடித்துவிட்டது. ஒரு சொட்டு இல்லை.

கொக்கியைப் பிடுங்கி நீளப் பக்கத்தில் அடித்து, கிடையாக மாட்டிவிட்டு நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். வேறு படம். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை, முந்தையது பழகிவிட்டதே.

வீட்டுக்காரி காபியோடு வந்து நின்று பார்த்தாள். படத்துக்கு மேலேயும் கீழேயும் சுவரில் வெளுப்பாக ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருக்கிறது, முப்பது வருடம் வெயில் படாத இடம். "ஒண்ணு பழையபடி மாட்டுங்க. இல்ல, ஞாயித்துக்கிழமை பிரஷ்ஷை எடுத்து இந்தச் சுவருக்கு வெள்ளையடிங்க" என்றாள்.

பழையபடி மாட்டிவிட்டேன்.